உள்ளே மூன்று, வெளியே மூன்று

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

இதை எழுதச் சொன்னது பங்குச் சாமியார். வேறு சோலி இல்லாமல் நான் எழுத உட்காரவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், "சாமி, கயித்தான் கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் இவன் திரும்பி வரக் கூடாதுன்னு மாதாகிட்ட மன்றாடுதேன்" என்றேன். கூண்டுக்குள்ளிருந்து, "எத்தன நாளா?" என்று கேட்டார். "நாலு வருசமா" என்றேன். அதற்குத்தான் இந்தப் பரிகாரம். தவக்காலம் முடிகிறவரை வாயால் ஒரு சாபம் விடக் கூடாது. வந்தால் நோட்டில் எழுத வேண்டும். பாஸ்கா அன்று, ஈஸ்டருக்கு, நோட்டைக் கொளுத்திவிட வேண்டும்.

கறியை விடச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். கித்தேரி என்கிற என்னை வாயை விடச் சொன்னால் எப்படி? ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன். முதல் சாபம்: கயித்தான், உன் வலை கடலுக்கடியில் பாறைப் பாரில் சிக்கிக் கிழிய. அதை எடுக்க முங்குகிற நீ மேலே வராமல் போக.

பிப்ரவரி 16

இன்று மூன்று சாபம். மூன்றும் அவனுக்கே. கை வலிக்கிறது. வாயால் விட்டிருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும்.

பிப்ரவரி 19

காலையிலிருந்து ஒரே மோட்டாரோடு மல்லுக்கட்டு. எங்கள் ஊரில் வள்ளத்து மோட்டாரைப் பிரித்துப் பூட்டுகிறவள் நான் ஒருத்திதான். யாரும் சொல்லித்தரவில்லை. பெர்க்மான்ஸ், என் வீட்டுக்காரர், மோட்டாரை ஆசையாகப் பிரிப்பார். பூட்டத் தெரியாமல் திருதிருவென்று முழிப்பார். அவர் பிரித்ததைப் பூட்டிப் பூட்டியே நான் மெக்கானிக் ஆனேன்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை பார்த்த மோட்டார் முதலில் கடலுக்குப் போகும்போது, அதைப் பிரித்த ஆளும் வள்ளத்தில் கூடப் போக வேண்டும். வெள்ளோட்டம் என்பார்கள். ஒழுங்காகப் பூட்டாதவன் கூடப் போகப் பயப்படுவான், அதுதான் கணக்கு. நான் பொம்பளை, வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள். அதனால் எனக்குப் பதிலாக பெர்க்மான்ஸ் போவார். அவர் இறந்த பிறகு என் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை வள்ளத்து முன்பக்க அணியத்தில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். திரும்பி வந்ததும் ஸ்பேனரோடு ஒரு மீனும் தருவார்கள். இன்று கிடைத்தது ஊளி. குழம்பு வைத்தேன்.

சாயங்காலம் ஜெனோவா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் தினம் பஸ்ஸில் தூத்துக்குடி போய் நர்சிங் படிக்கிறாள், எதற்கெடுத்தாலும் காரணம் கேட்பாள். முற்றத்தில் மணல் காற்று அடிக்கும் என்பதால் பிரித்த மோட்டாரின் ஓட்டைகளில் எல்லாம் துணி அடைத்து வைப்போம். இது கரை முழுக்கச் செய்வதுதான். நான் ஒவ்வொரு துணியிலும் ஒரு முழக் கயிறு கட்டி வெளியே தொங்கவிடுவேன்.

"ஏம்மா, துணிக்கெல்லாம் வாலு வச்சிருக்க?"

"மறந்து உள்ள கெடந்துரக் கூடாதுல்லா."

"முன்னாடி இப்படி வைக்க மாட்டியே? எங்க ஆபரேஷன் தியேட்டர்லயும் துணிய எண்ணித்தான் உள்ள வைப்பாங்க, எண்ணித்தான் வெளிய எடுப்பாங்க. கணக்கு சரியா வராம தைக்கவே மாட்டாங்க."

"ஒன் சோலியப் பாருளா!" என்று கத்திவிட்டேன். பிள்ளை முகம் சுருங்கிப்போனது. எனக்கு எதற்கு அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. தலைவலியாக இருக்கும்.

பிப்ரவரி 23

காரணம் எழுதாமல் சாபத்தை மட்டும் எழுதினால் படிக்கிறவன் என்னைப் பேய் என்பான். அதனால் எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதம். பெர்க்மான்ஸ் வேலை முடிந்த தன் மோட்டாரை எடுத்துக்கொண்டு, மூணுகல்லுப் பாருக்குத் தனியாகப் போனார். அங்கே மோட்டார் சூடேறி, இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டித் தூக்கிக் காட்டியிருக்கிறார். கயித்தான் வள்ளம் அந்த வழியாக வந்தது. பார்த்தான். வள்ளத்தைத் திருப்பவில்லை. மத்தியானத்துக்கு மேல் வாடைக்காற்று கிளம்பி வள்ளத்தைக் கவிழ்த்தது. நாலாம் நாள்தான் என் வீட்டுக்காரர் கரை ஒதுங்கினார். கவிழ்ந்த வள்ளத்தை இழுத்து வந்தபோது துடுப்பு கயிற்றில் சிக்கிக் கிடந்தது. சட்டை அதில் கட்டியபடியே இருந்தது.

கயித்தான் வேற்றாள் இல்லை. பத்து வருஷம் பெர்க்மான்ஸோடு ஒரே வள்ளத்தில் போனவன். என்னை அண்ணி முறை வைத்து மைனி, மைனி என்று வாய் நிறையக் கூப்பிட்டு என் கையால் சோறு தின்றவன். வலை போடுகிற இடத்தில் சண்டை வந்து பிரிந்தார்கள். அவன் சட்டையைப் பார்த்தான் என்பதை அவன் வள்ளத்தில் வேலை பார்த்த ஞானராசு என்னிடம் கோயில் வாசலில் வைத்துச் சொன்னான். "அண்ணன் தூக்கிக் காட்டுனாரு. நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். இவரு திருப்பல." சொல்லிவிட்டு மறுநாளே கேரளாவுக்குப் போய்விட்டான். ஊர்க்கூட்டத்தில் கேட்டபோது கயித்தான் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, ஒன்றும் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணினான்.

மோட்டார் ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. பழைய மோட்டார், பிடிக்கும். நான்தான் வேலை பார்த்தேன். டிரம்மில் தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டினேன், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சிரித்த முகமாகத்தான் வழியனுப்பி வைத்தேன். வள்ளத்தோடு கரைக்கு வந்த பிறகு அந்த மோட்டாரைத் திரும்பிப் பார்க்க மனசு வரவில்லை. கொழுந்தன் அதை எவனோ பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டான்.

பிப்ரவரி 27

கயித்தான் என் வாசலுக்கு வந்தான்.

அவனும் அவன் மனைவி சலேத்தும் ஒரு பழைய மோட்டாரைத் துடுப்பில் கட்டி, ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துச் சுமந்து வந்தார்கள். அவன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். சலேத் மட்டும் உள்ளே வந்தாள்.

"மைனி, வேற போக்கில்ல. டவுன்ல ரெண்டு மெக்கானிக் பாத்தாச்சு. ஒருத்தன் தெர்மோஸ்டாட்ட மாத்துனான், ஒருத்தன் தூக்கிக் கடல்ல போடுன்னுட்டான். அர மணி நேரம் ஓடுனா கொதிக்கி. சோக்கும் இறுகிக் கெடக்கு. நீங்க பாத்துக் குடுங்க."

வாயில் வந்ததை எல்லாம் முழுங்கினேன். சாமியார் என்னைக் கட்டிப்போட்டுவிட்டார். கேட்டைப் பார்த்துச் சத்தமாக, "சொந்த வாய் இல்லியா ஒன் வீட்டுக்காரருக்கு?" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "பாத்துக் குடுங்க மைனி" என்றான். நாலு வருஷத்தில் இதுதான் முதல் பேச்சு.

"வச்சிட்டுப் போவும்" என்றேன்.

ஜெனோவா சாயங்காலம் வந்து அதைப் பார்த்துவிட்டு, "நீ எப்படிம்மா வாங்குன?" என்று அழுதாள். சமாதானம் சொல்லவில்லை. மோட்டார் என் கைக்கு வந்துவிட்டது. அவன் உயிரும்தான் கூட வந்திருக்கிறது. அது அவளுக்குப் புரியவில்லை.

மார்ச் 1

இன்று சோக்கை மட்டும் பிரித்தேன். கார்புரேட்டர் வாயில் காற்றை மூடித் திறக்கிற தகடு பாதி மூடினபடி துருப்பிடித்து நின்றுவிட்டது. மோட்டாருக்குக் காற்றே போகவில்லை, இருமி இருமித்தான் ஓடியிருக்கும். தகட்டைப் பிடிக்கிற குட்டித் திருகு ஒன்று தலை உடைந்தது. துளை போட்டு எடுத்தேன். தகடு, தண்டு, இழுக்கிற கம்பி, ஸ்பிரிங், எல்லாம் புதுசு வேண்டும். எழுதி வைத்தேன்.

இரண்டு சாபம். விவரம் எழுத நேரமில்லை.

மார்ச் 5

கிரீஸ் கையோடே எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

மோட்டாரின் காலைக் கழற்றினேன். தண்ணீருக்குள் நிற்கிற கீழ்ப் பாகத்தைக் கால் என்போம். அதற்குள்தான் கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளுகிற பம்ப் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஒரு செம்புக் குழாய் வழியாகத் தலைக்கு ஏறி, என்ஜினைக் குளிர வைத்துவிட்டுப் பின்னால் ஓட்டை வழியே பீய்ச்சும். பீய்ச்சுகிறதா என்று பார்க்க, "மோட்டார் ஒண்ணுக்குப் போவுதா?" என்று கேட்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

பம்பின் ரப்பர் விசிறி சூட்டில் வெடித்துப் போயிருந்தது. அதை எடுத்தேன். அடியில் இருந்த தகட்டைத் துடைத்தேன். புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. "...மான்ஸ் - கித்..."

என் கல்யாணத்துக்கு வந்த சில்வர் தட்டு. பெயர் வெட்டிக் கொடுத்தது. பெர்க்மான்ஸ் மோட்டாரில் அடித்தகடு தேய்ந்துபோனபோது, புதுசு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நான்தான் அந்தத் தட்டை வெட்டி, தேய்த்து, பூட்டினேன். "நம்ம ரெண்டு பேரு பேரும் கடலுக்கு வருது" என்று அவர் கேலி பண்ணினார்.

பழைய சாமான்காரன் ஒரு மோட்டாரின் தலையையும் இன்னொன்றின் காலையும் சேர்த்துப் பூட்டி, பெயின்ட் அடித்துக் கயித்தானிடம் தள்ளியிருக்கிறான். என் புருஷன் செத்த மோட்டாரின் காலை மாட்டிக்கொண்டு இந்தப் பாவி கடலுக்குப் போகிறான்!

செம்புக் குழாயை ஊதிப் பார்க்கவில்லை. பார்ட்ஸ் வரட்டும், ஒட்டுக்கப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 6

முடிவு பண்ணிவிட்டேன். இதைச் சாபம் என்று எழுதவில்லை. சாபத்துக்கு மாதா உதவி வேண்டும். இதற்கு ஒரு சாண் துணி போதும்.

குழாயின் மேல் முனையில் துணியைத் திணித்துப் பூட்டிவிட்டால், டிரம்மில் மெதுவாக ஓடும்போது தண்ணீர் கசிந்து வரும். ஒண்ணுக்குப் போகிறது என்று கையைத் தட்டுவார்கள். கடலில் முழு வேகத்தில் போகும்போது துணி இறுகிக்கொள்ளும். அரை மணி, முக்கால் மணியில் மோட்டார் இறுகி நின்றுவிடும். மூணுகல்லுப் பாருக்குப் போகிற தூரம்தான். அவனும் சட்டையைக் கழற்றித் தூக்கிக் காட்டட்டும். ஒருத்தனும் திரும்பாமல் போகட்டும்.

கால் தானாக என் வீட்டுக்கு வந்ததே, அதுவே அடையாளம்.

மார்ச் 11

பார்ட்ஸ் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ரப்பர் விசிறி, அது சுழலுகிற கிண்ணம், அதைத் தண்டில் பிடிக்கிற சாவி, கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கட், தெர்மோஸ்டாட், சோக் சாமான் எல்லாம். கேஸ்கட் அளவு மாறி வந்திருக்கிறது. திருப்பி அனுப்பினேன். கடைக்காரனைத் திட்ட முடியாமல் போனில் பல்லைக் கடித்தேன்.

பெட்டியைத் திறந்து பெர்க்மான்ஸ் சட்டையை எடுத்தேன், அந்தத் துடுப்புச் சட்டையை. காலரைத் தொட்டால் இன்னும் உப்பு. பின்பக்கத்தில் ஒரு சாண் வெட்டினேன். இதைத்தான் திணிக்கப்போகிறேன். இதற்குக் கயிறு கட்டப்போவதில்லை.

மார்ச் 14

சோக் பூட்டியாகிவிட்டது. கம்பியை இழுத்தால் தகடு சடக்கென்று மூடுகிறது, விட்டால் திறக்கிறது. வேலை சுத்தமாக வந்தால் சந்தோஷம்தான், எவன் மோட்டாராக இருந்தாலும்.

மத்தியானம் சலேத் கேப்பைக் களியும் கருவாடும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இவரு ஒத்தையிலதான் போறாரு மைனி. கூட வர ஆளே இல்ல. சத்தியம் பண்ணுனதுல இருந்து ஊர்ல எவனும் இவரு வள்ளத்துல ஏற மாட்டேங்கான். நடுக்கடல்ல நின்னுட்டா என்ன செய்வாருன்னு ராத்திரி எல்லாம் தூக்கமில்ல. இப்ப ஒங்க கையி பட்டுருச்சு. இனி எனக்குப் பயமில்ல."

ஒத்தையில் போகிறான் என்பது நல்ல சேதி. அவனைத் தவிர யாருக்கும் பாதகமில்லை. களியைத் தின்றேன், பசித்தது.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

பூசைக்குப் போய்விட்டு வந்து வேலையில் உட்கார்ந்தேன். கேஸ்கட் நேற்றே வந்துவிட்டது. சட்டைத் துணியை நாலாக மடித்து, செம்புக் குழாயின் வாயில் வைத்து விரலால் தள்ளினேன்.

உள்ளே போகவில்லை. ஏற்கெனவே ஏதோ இருந்தது.

சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, பொறுத்து, மறுபடி இழுத்தேன். கல்லுப் போல இறுகின ஒரு உருண்டை வந்து விழுந்தது. தண்ணீரில் ஊறப் போட்டுப் பிரித்தேன். நீலக் கட்டம் போட்ட துணி. ஓரம் சிவப்பு நூலில் மடித்துத் தைத்திருந்தது.

நீல நூல் தீர்ந்துபோய்ச் சிவப்பு நூலில் தைத்தது நான்தான். ஜெனோவாவின் பள்ளிக்கூடப் பாவாடை.

மார்ச் 20

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 21

சாபம் இல்லை.

மார்ச் 22

எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் சிரித்து வழியனுப்பவில்லை. முந்தின நாள் பூரா அந்த மோட்டாரோடுதான் கிடந்தேன். மணல் காற்று. கண்ணில் பட்ட ஓட்டையில் எல்லாம் துணி அடைத்தேன். எத்தனை என்று எண்ணவில்லை, யார் எண்ணினார்கள் அப்போது? விடியற்காலையில் பெர்க்மான்ஸ் வந்து தலைமாட்டில் நின்றுகொண்டு, "ஒரு மோட்டாருக்கு ரெண்டு நாளா ஏளா? எல்லாவனும் கடலுக்குப் போயிட்டான்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "நீரே பூட்டும்யா, தெரிஞ்சா!" என்று கத்திக்கொண்டே கண்மண் தெரியாமல் பூட்டினேன். டிரம்மில் ஓட்டினேன். தண்ணீர் பீய்ச்சவில்லை, சொட்டினது. சொட்டினால் போதும் என்று விட்டேன். அவர் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, "கொண்டுபோய்த் தொலையும்" என்றேன். அவருக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அது.

தண்ணீர் சொட்டினது எனக்கு ஞாபகம் இருந்தது. எப்போதும் இருந்தது. கயிறு கட்ட ஆரம்பித்தது அவரை அடக்கம் பண்ணின அடுத்த வாரம்.

கயித்தான், கயித்தான் என்று நாலு வருஷம் கத்தினேன். வாயை மூடினால் வேறு சத்தம் கேட்டுவிடும் என்று பயம்.

மார்ச் 25

குழாயைச் சுத்தம் பண்ணினேன். புது விசிறி, புதுக் கிண்ணம், புது கேஸ்கட். சில்வர் தட்டுத் தகட்டையும் துலக்கி அதே இடத்தில் பூட்டினேன், அது தேயவே இல்லை. சூடேறினால் திறந்து தண்ணீர் விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. டிரம்மில் ஓட்டினேன். முற்றத்துச் சுவர்வரை பீய்ச்சியது. ஜெனோவா நனைந்துபோய், "எவ்வளவு நல்லா பாத்திருக்க அந்த ஆளுக்கு!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

சலேத் ஸ்பேனரை வாங்க வந்தாள். "ஸ்பேனர் வராது" என்றேன். "நானே வாரேன்."

மார்ச் 27

கரையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். "பொம்பள வள்ளத்துல ஏறுதா!" என்று ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகி ஏறி அணியத்தில் உட்கார்ந்தேன். மடியில் ஒரு பை. கயித்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் வழக்கத்தைச் சொல்லி நான் கேட்டதை அவனால் மறுக்க முடியவில்லை.

முழு வேகத்தில் முக்கால் மணி நேரம். மோட்டார் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. மூணுகல்லுப் பாரில் தண்ணீர் நிறம் மாறியதும், "நிறுத்தும்" என்றேன். நிறுத்தினான்.

பையிலிருந்து சட்டையை எடுத்து அவன் மடியில் போட்டேன். பின்பக்கம் வெட்டின ஓட்டையோடு. பார்த்ததும் தெரிந்துகொண்டான்.

"துடுப்புல கட்டும்."

"மைனி..."

"கட்டும். கட்டித் தூக்கிக் காட்டும்."

கட்டினான். எழுந்து நின்று தூக்கினான். வள்ளம் ஆடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் துடுப்பை இறக்கப் பார்த்தபோதெல்லாம், "தூக்கும்" என்றேன். தூரத்தில் ஒரு விசைப்படகு போனது. பார்த்தார்களோ இல்லையோ, அதுபாட்டுக்குப் போனது. அது மறைகிறவரை கயித்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"பாத்தேன் மைனி. அண்ணன்தான்னு தெரிஞ்சுது. என் வலைய அறுத்தாருல்லா, சாயங்காலம் வரைக்கும் காயட்டும்னு நெனச்சேன். காத்து வரும்னு நெனைக்கல மைனி. சத்தியமா நெனைக்கல."

இதைக் கேட்கத்தான் நாலு வருஷம் காத்திருந்தேன். கேட்டபோது மனசு குளிரும் என்று நினைத்தேன். இல்லவே இல்லை. அவன் கழுத்தைப் பிடித்துக் கடலில் தள்ள இரண்டு கையும் துடித்தது. எழுந்தும் விட்டேன். எழுந்தபோது பையிலிருந்து அந்த நீலத் துணி கீழே விழுந்தது.

எடுத்து அவன் கையில் வைத்தேன். இந்த மோட்டாரின் கால் யாருடையது, இந்தத் துணி எங்கே இருந்தது, யார் வைத்தது, எல்லாம் சொன்னேன். சட்டைத் துணியை வைத்து அவனை என்ன செய்ய நினைத்தேன் என்பதையும் சொன்னேன்.

"தா" என்று துடுப்பை வாங்கினேன். நான் எழுந்து நின்று சட்டையைத் தூக்கினேன். துடுப்பு இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. தோள் கழன்றுவிடும் போல வலித்தது. அவர் எவ்வளவு நேரம் தூக்கியிருப்பாரோ. சுற்றிலும் ஒரு வள்ளம் இல்லை.

நான் உட்கார்ந்த பிறகு கயித்தான் மெதுவாகப் பேச்செடுத்தான். "மைனி, நான் பாத்தது ஒங்களுக்குத்தான் தெரியும். துணி விசயம் எனக்குத்தான் தெரியும். ரெண்டையும் இங்கனயே போட்டுட்டுப் போயிருவோம். நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒங்களுக்கும் புள்ள இருக்கு. நாளைக்கு எவன் ஒங்ககிட்ட மோட்டார் தருவான்?"

நல்ல யோசனைதான். ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"ஏல தம்பி," என்றேன், "நாலு வருசமா அவரைக் கொன்னவனப் பழிவாங்கணும்னு மாதாகிட்ட வேண்டுனேன். ரெண்டு பேருன்னு இப்பத்தான் தெரியுது. ஒருத்தர விட்டுட்டா அது என்ன பழி? மோட்டார எடு."

ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. தண்ணீர் ஜோராய்ப் பீய்ச்சியது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

ஜெனோவாவிடம் சொன்னேன். துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இது என் ஆறாங்கிளாஸ் பாவாடைல்லா" என்றாள். சோறு பொங்கி வைத்தேன், தொடவில்லை. பெரிய வெள்ளி, ஒருசந்தி நோன்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 31, பாஸ்கா

சாமியார், "நோட்டைக் கொளுத்தியாச்சா?" என்று கேட்டார். "நாளைக்கு ஊர்க்கூட்டம் முடியட்டும் சாமி, சாட்சிக்கு வேணும்" என்றேன்.

ஏப்ரல் 1

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம். நோட்டையும் சட்டையையும் துணியையும் மேசை மேல் வைத்தேன். முதலில் துணியைச் சொன்னேன். அதற்குத்தான் குரல் வர நேரமானது. பிறகு சட்டையைச் சொன்னேன். எல்லோரும் கயித்தானைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன், என்னைப் பைத்தியம் என்று சொல்ல அவனுக்கு நல்ல சந்தர்ப்பம். எழுந்து வேதப் புத்தகம் இருந்த பக்கம் பார்த்து, "ஆமா. பாத்தேன்" என்றான். சலேத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் அவனுக்குப் பாவம் பார்க்கவில்லை. ஊர் முன்னால் அவன் இதைச் சொல்லத்தான் நாலு வருஷம் காத்திருந்தேன். ஊரார் அவனைப் பார்த்த அதே கண்ணால்தான் என்னையும் பார்த்தார்கள். வெளியே வரும்போது எங்கள் இரண்டு பேருக்கும் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

ஏப்ரல் 6

ஐந்து நாளாக ஒரு மோட்டாரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனே தன் மோட்டாரை டவுனுக்கு ஆட்டோவில் ஏற்றிப் போகிறான். ஜெனோவா பேசுகிறாள், தேவைக்கு மட்டும். ஸ்பேனர்களை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். நோட்டை இன்னும் கொளுத்தவில்லை.

ஏப்ரல் 10

காலையில் கேட் திறக்கிற சத்தம். கயித்தான். மோட்டாரைத் தனியாகத் தோளில் சுமந்து உள்ளேயே வந்துவிட்டான்.

"சோக் கம்பி திரும்ப இறுகுது மைனி."

"பொய் சொல்லாத. நான் பூட்டுனது இறுகாது."

தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். இறுகவில்லைதான். ஆனாலும் வாங்கிப் பிரித்தேன். காற்று மணலை வாரி அடித்தது. துணி எடுத்து அடைக்க ஆரம்பித்தேன். உள்ளே வேலையாக இருந்த ஜெனோவா வாசலுக்கு வந்து நின்றாள். கயித்தான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்தான். கார்புரேட்டர் வாயில் ஒன்று, குழாயில் ஒன்று, பின் ஓட்டையில் ஒன்று.

"மூணு" என்றான்.

சோக்கைச் சுத்தம் பண்ணி எண்ணெய் விட்டேன். பூட்டுவதற்கு முன்னால் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு" என்றான்.

"இன்னொரு தரம் எண்ணு" என்று வாசலிலிருந்து ஜெனோவா அவனைப் பார்த்துச் சொன்னாள்.

எண்ணினான்.